மூக்களவுக் கண்ணாடி

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஒரு காற்று குடியிருந்தது. மேற்கே கடலில் பிறந்து, மலைகளுக்கு நடுவில் உள்ள அந்த இடுக்கில் நுழைந்து, கிழக்கே பாய்வதுதான் அதன் வேலை. ஆனி பிறந்துவிட்டால் அதற்குத் தலைகால் புரியாது. காற்றாலைகளைச் சுழற்றும். முருங்கைகளை முறிக்கும். லாரிகளின் தார்ப்பாயைக் கிழிக்கும். இருசக்கர வண்டியில் எதிரே வருகிறவர்களைக் கண்டால் அதற்குத் தனி உற்சாகம்.

அந்தக் காற்றுக்கு நன்றாகத் தெரிந்த பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் சுயம்புக்கனி, நாகர்கோவில்காரி. நாற்பதை நெருங்கும் வயது. தொலைதூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தாள். மதுரைப் பக்கமிருந்து கேரளத்துக்கு வண்டி ஓட்டிப்போகும் பெண்கள், வள்ளியூர் வந்ததும் அவளுக்காகக் காத்திருப்பார்கள். எதிர்க்காற்றில் கணவாயைக் கடக்க, முன்னால் போவதற்கு அவள் வேண்டும். அவள் சாயும் இடத்தில் அவர்களும் சாய்வார்கள். அவள் கையைத் தூக்கினால் எல்லா வண்டியும் வேகம் குறைக்கும். அவள் பார்ப்பதுதான் அத்தனை பேருக்கும் பார்வை.

ஒரு நாள் அவளுக்கு முன்னால் போன லாரியில் தார்ப்பாய்க் கயிறு அறுந்தது. அதில் கட்டியிருந்த இரும்புக் கொக்கியைக் காற்று தூக்கி எறிந்தது. அது பட்டு, அவள் வண்டியின் முகப்பில் நின்று காற்றைத் தடுக்கும் விண்ட்ஷீல்டு இரண்டாகப் பிளந்தது. கனி கீழே விழுந்து தோள் எலும்பு முறிந்தது.

எலும்பு சேர்ந்துவிட்டது. அவளுடைய அண்ணன் தவசிமுத்துவின் பயம்தான் ஆறவில்லை. அப்பா அம்மா போனபிறகு அவளை வளர்த்தவர் அவர். ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தே தூங்கியவர்.

"வண்டி ஓட்டாதன்னு நான் சொல்லமாட்டேன். சொன்னா நீ கேக்கவா போற" என்றார். "ஆனா புதுக் கண்ணாடிய நான்தான் எடுப்பேன்."

விண்ட்ஷீல்டு பிளாஸ்டிக்தான் என்றாலும் எல்லோரும் கண்ணாடி என்றுதான் சொல்வார்கள். இரண்டு பேரும் வண்டிச் சாமான் விற்கும் ஏசுவடியான் கடைக்குப் போனார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடிகள் தொங்கின. கதவோரம் இருந்த குட்டைக் கண்ணாடி அவளைக் கண்டதும் முந்திக்கொண்டது.

"என்னை எடுத்துட்டுப் போ. காத்து நெஞ்சுல அறையணும். அடி தாங்குறவளுக்குத்தான் ரோடு."

தவசிமுத்து அதன் பக்கம் திரும்பவே இல்லை. கடையின் உள்மூலையில், ஓர் ஆள் பின்னால் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு உயரமாக ஒன்று சாய்ந்து நின்றது. அதன் முன்னால் போய் நின்றார். அவர் முகம் தெளிந்தது.

நெட்டைக் கண்ணாடி மெல்லப் பேசியது. கல்யாண வீட்டில் வரவேற்கிறவர்போல் அதன் குரல் இதமாக இருந்தது.

"அச்சம் வேண்டாம் ஐயா. உங்கள் தங்கையை இனி நான் பார்த்துக்கொள்கிறேன். காற்று இவளுடைய ஹெல்மெட்டைக்கூடத் தொடாது. கல் வந்தாலும் மழை வந்தாலும் என் மேல்தான். பதிலுக்கு நான் கேட்பது ஒன்றே ஒன்று."

"என்னது?" என்றாள் கனி.

"என்னைத் தாண்டிப் பார்க்கக் கூடாது. என் வழியாகத்தான் பார்க்க வேண்டும்."

தவசிமுத்து சிரித்தார். "இது ஒரு விஷயமா? இந்தால பாரு, எவ்வளவு தெளிவா இருக்கு." அந்தப் பக்கம் போய் நின்று கையை ஆட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாததுபோல் அவர் பளிச்சென்று தெரிந்தார்.

கனிக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் அண்ணன் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் பிற்பகல் அதைப் பூட்டிக்கொண்டு கிழக்கே வள்ளியூர் வரை போய்ப் பார்த்தாள். போகும்போது சொர்க்கம். காற்று பின்னாலிருந்து தள்ளியது. முன்னால் கண்ணாடி மறைத்தது. உள்ளே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் அமைதி. அவள் பாட்டுக்கூட முனகினாள்.

"எப்படி இருக்கிறது?" என்றது கண்ணாடி.

"நல்லாத்தான் இருக்கு."

வள்ளியூரில் டீ குடித்துவிட்டு வண்டியைத் திருப்பினாள். இப்போது காற்று எதிரே. மேற்கே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. காவல்கிணறு தாண்டியதும் மெல்லிய சாரலும் சேர்ந்துகொண்டது. காற்று அவளைத் தொடவில்லை, அது உண்மை. ஆனால் கண்ணாடியின் வெளிப்பக்கம் சாரல் துளித்துளியாய் ஒட்டியது. உள்பக்கம் அவள் மூச்சுபட்டு ஆவி படிந்தது. நடுவில் எங்கோ பூச்சிகள் அடிபட்டு இழுபட்டிருந்தன. இவை அத்தனையின் மீதும் சாயங்கால வெயில் விழுந்தபோது, முன்னால் ரோடு இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் திரைதான் இருந்தது.

"ஒண்ணும் தெரியலியே" என்றாள்.

"எல்லாம் தெளிவாக இருக்கிறது" என்றது கண்ணாடி. "வெளிச்சம் அழகாக விழுந்திருக்கிறது. ரசித்துக்கொண்டு போ."

"அங்கன வெள்ளையா என்னமோ நீளமா கெடக்கு."

"அது என் மேல் வழிகிற தண்ணீர்."

"தண்ணி குறுக்கால வழியாது."

"உன் கண்ணை நம்புகிறாயா, என்னை நம்புகிறாயா? காற்று உன்மேல் பட்டதா இல்லையா? சொன்ன வாக்கை நான் காப்பாற்றவில்லையா?"

கனி பிரேக்கை அழுத்தினாள். கால்வைக்கும் கம்பிகளை மிதித்து, சீட்டிலிருந்து எழுந்து, கண்ணாடியின் தலைக்கு மேலே முகத்தைத் தூக்கினாள். சாரல் முகத்தில் குத்தியது. காற்று ஹெல்மெட்டைப் பின்னால் இழுத்தது. ரோடு தெரிந்தது.

ரோட்டுக்குக் குறுக்கே, காற்றாலையின் ராட்சத இறகு ஒன்றை ஏற்றிய லாரி திரும்பிக்கொண்டிருந்தது. லாரியின் உடல் ஏற்கெனவே பக்கத்துச் சாலைக்குள் போய்விட்டது. இறகின் வால் மட்டும் அவள் கழுத்தின் உயரத்தில், ரோட்டின் மேல் மெதுவாக ஊர்ந்தது. சாரல் மேகத்தோடு சேர்ந்து போகும் வெள்ளை.

வண்டி வழுக்கி, உதறி, இறகுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. கையில் சிவப்புத் துணி வைத்திருந்த ஆள் ஓடி வந்தான்.

"எவ்வளவு நேரமா துணிய ஆட்டுகேன். கண்ணு தெரியாதா ஒனக்கு?"

"தெரியும். இன்னைக்கு மட்டும் இரவல் குடுத்துட்டேன்" என்றாள் கனி.

இறகு கடந்து போயிற்று. கண்ணாடி தொண்டையைச் செருமியது. "காற்றிலிருந்து காப்பேன் என்றுதான் சொன்னேன். இறகைப் பற்றி நமக்குள் பேச்சே இல்லை. அதுபோகட்டும், நீ என்னைத் தாண்டிப் பார்த்துவிட்டாய். அது சரியில்லை."

கணவாய்க் காற்று இதைக் கேட்டுக்கொண்டு அவளைச் சுற்றி வந்தது. அது இதமாகப் பேசும் வகை இல்லை.

"ஏ கனி, நான் ஒனக்கு எதிரிதான். இல்லங்கல. எத்தனையோ தடவ அடிச்சிருக்கேன், தள்ளியிருக்கேன். அந்தக் கொக்கிய எறிஞ்சதும் நாந்தான். ஆனா ஒரு நாளாவது ஒன் கண்ணக் கேட்டிருப்பேனா?"

மீதி வழி முழுக்க அவள் நின்றுகொண்டே ஓட்டி வந்தாள்.

வீட்டு வாசலில் தவசிமுத்து காத்திருந்தார். வண்டி நின்றதும் மெத்தென்ற துணியால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ஒரு குழந்தையைத் துவட்டுவதுபோல் துடைத்தார்.

"காத்து பட்டுச்சா?"

"படல."

"பாத்தியா."

"பாக்க முடியல அண்ணே. அதத்தான் சொல்லவாறேன்." இறகைப் பற்றிச் சொன்னாள்.

அவர் கை நின்றது. முகம் வெளுத்தது. ஆனால் பயம் வந்த மனிதர் போகிற பக்கமே அவரும் போனார். "அப்பம் இன்னும் மெதுவா போ. நின்னு தொடச்சுட்டுப் போ."

"எதிர்க்காத்துல, லாரிக்கு நடுவுல, பத்தடிக்கு ஒருக்க நின்னு தொடைக்கவா? பின்னால வாற பிள்ளைக என்ன செய்வாளுவ?"

"அதுகளப் பத்தி எனக்குக் கவலை இல்ல. ஒன்னப் பத்திதான் கவலை." அவர் குரல் உடைந்தது, உடைந்த வேகத்தில் கெட்டியாயிற்று. "நாளைக்கழிச்சு அவளுவ வள்ளியூருக்கு வாறாளுவ. இந்தக் கண்ணாடியோட போறதா இருந்தா போ. இல்லன்னா வரலன்னு ஃபோன் போட்டுச் சொல்லிரு. இதுக்கு மேல பேச்சு இல்ல."

"பார்த்தாயா" என்றது கண்ணாடி அவளிடம். "உன்மேல் அக்கறை உள்ளவர்கள் என் பக்கம் இருக்கிறார்கள்."

மறுநாள் காலை கனி அண்ணனிடம் சொல்லாமல் ஏசுவடியான் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனாள். குட்டைக் கண்ணாடிக்கு ஒரே கொண்டாட்டம்.

"வந்துட்டியா? தெரியும் எனக்கு. நான் எதையும் மறைக்கமாட்டேன். ரோடு பூரா ஒனக்குத்தான்."

குட்டையை அவளுக்குத் தெரியும். வண்டி வாங்கிய புதிதில் அந்த இனத்தில் ஒன்றைத்தான் மாட்டியிருந்தாள். காற்று அதன் தலையில் ஏறி நேராக அவள் முகவாய்க்கு வரும். ஹெல்மெட் மணிபோல் ஆடும். காதுக்குள் ஓர் இரைச்சல் புகுந்து வெளியே போக மறுக்கும். திருநெல்வேலி போய்ச் சேரும்போது கழுத்து கல்லாகியிருக்கும், பக்கத்தில் பேசுகிறவர் சொல் எதுவும் மண்டையில் ஏறாது.

"அடி வாங்குனாத்தான் வீரம்" என்றது குட்டை.

"அடி வாங்குறது என் வேலை இல்ல" என்றாள் கனி. "வண்டி ஓட்டுறதுதான் என் வேலை."

ஏசுவடியான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "அப்பம் வேற எது வேணும்க்கா? நடுத்தரமா ஒண்ணும் கைவசம் இல்ல. சொல்லிவிட்டாலும் வர நாளாகும்."

"இதையே வெட்டணும்."

அவன் நெட்டைக் கண்ணாடியைப் பார்த்தான். "வெட்டுனா வெட்டுனதுதான். திருப்பி ஒட்டமுடியாது. நானும் எடுத்துக்கிடமாட்டேன்."

"ஒட்டச் சொல்லி வரமாட்டேன். டேப்ப எடு."

அவள் ஹெல்மெட்டை மாட்டி வண்டியில் உட்கார்ந்தாள். நெஞ்சை நிமிர்த்தி, கழுத்தை நேராக வைத்துக்கொண்டாள். அதுவரை வாய் திறக்காத வண்டி பேசியது.

"இது போட்டோவுக்கு உட்கார்ற மாதிரி இருக்கு. வள்ளியூர் தாண்டினா நீ இப்படியா உட்காருவே? களைச்சுப் போனா எப்படி உட்காருவியோ, அப்படி உட்காரு."

கனிக்குச் சிரிப்பு வந்தது. முதுகைத் தளர்த்தினாள். தலை இரண்டு விரல் கீழே இறங்கியது.

ஏசுவடியான் கண்ணாடியின் குறுக்கே வெள்ளை டேப்பை ஒட்டினான். முதலில் புருவத்தின் உயரத்தில். பார்வை முழுக்க டேப்புக்குக் கீழேதான் இருந்தது. "இறக்கு" என்றாள். கண்ணின் உயரத்தில் ஒட்டினான். ரோடு நட்ட நடுவில் இரண்டாக அறுபட்டது. "இன்னும் இறக்கு." மூக்கு நுனிக்கு நேரே டேப் வந்தபோது, வண்டிக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கித் தெருக்கோடி வரை எல்லாம் டேப்புக்கு மேலே தெரிந்தது. எதன் வழியாகவும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. தெருவில் நாய் ஒன்று கடந்து போனதைக்கூட அவள் பார்த்தாள்.

"இங்கதான்" என்றாள்.

கண்ணாடிக்குக் குரல் மாறியது. இதம் போய்விட்டது. "இவ்வளவு கீழேயா? காற்று உன் நெற்றியில் அடிக்கும். என்னைக் குறைத்தால் உன்னைக் காக்க என்னால் முடியாது."

"முடியும். ஒன்னப் பத்தி ஒனக்கே தெரியல" என்றாள் கனி. "காத்து ஒன் மேல ஏறி வரும்லா? விளிம்புக்கு வந்ததும் அங்கனயே நின்னு எறங்கிராது. வந்த வேகத்துல இன்னும் மேல போயி, என் ஹெல்மெட்டத் தாண்டித்தான் வளையும். பொளந்து போச்சே என் பழைய கண்ணாடி, அது அப்படித்தான் செஞ்சுது. நீ நிக்கிற எடத்துக்கு மேலேயும் ஒன் காவல் எட்டும். அதுக்கு நீ என் கண்ண மறைக்கணும்னு இல்ல."

இப்படி ஒரு சேதியைக் கண்ணாடியிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. வீட்டில் வண்டியைக் காணாமல் தேடி வந்த தவசிமுத்து உள்ளே நுழைந்தார். வெள்ளை டேப்பையும் ஏசுவடியான் கையில் இருந்த அறுக்கும் மெஷினையும் பார்த்தார்.

"வைடே அத" என்றார் அவனிடம். பிறகு தங்கையின் பக்கம் திரும்பினார். "நான் ஒனக்கு என்ன கெடுதல் நெனச்சேன்?"

"ஒண்ணும் நெனைக்கல அண்ணே."

"பின்ன எதுக்கு வெட்டுத? எவ்வளவு உசரம் வேணும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

அவள் அவரிடம் இப்படி ஒரு சொல்லைச் சொன்னதே இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க ஒங்க பயத்துக்கு அளவெடுத்து வாங்கியிருக்கீய. நான் என் மூக்குக்கு அளவெடுத்து வெட்டுகேன்."

தவசிமுத்து அந்த வெள்ளை டேப்பையே பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியும்" என்றாள். "எனக்கும் பயம் இருக்கு. அந்தக் கொக்கி இன்னும் கனவுல வருது. அதனாலதான் சொல்லுகேன். என்னைக் காப்பாத்துறதுக்கு ஒண்ணு வேணும், கண்டிப்பா வேணும். ஆனா அது என்ன உசரத்துல நிக்கணும்ங்கறத, உக்காந்து ஓட்டுறவ சொல்லணும். ஏசுவடியான், மெஷினப் போடு."

ஏசுவடியான் அண்ணனைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், தங்கை சொன்னதைச் செய்தான்.

தவசிமுத்து வெளியே போய்த் தெருவைப் பார்த்து நின்றார். மெஷின் சத்தம் ஓயும்வரை திரும்பவில்லை. கருகிய பிளாஸ்டிக் வாடை வாசல் வரை வந்தது. வெட்டி முடித்து, விளிம்பை அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து மழுக்கினான் ஏசுவடியான். வெட்டி விழுந்த மேல்துண்டு தரையில் கிடந்தபடியே பேசிக்கொண்டிருந்தது. "என்னைத் தாண்டிப் பார்க்காதீர்கள். என் வழியாகப் பாருங்கள்." யாரும் குனிந்து பார்க்கவில்லை.

கனி வெளியே வந்து அண்ணன் பக்கத்தில் நின்றாள்.

"நாளைக்கு எப்பம் கெளம்புத?" என்று மட்டும் கேட்டார்.

"வெயில் ஏறுறதுக்கு முன்ன."

"சரி." ஸ்கூட்டரை உதைத்தார். அது ஒப்புதலா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை.

அடுத்த நாள் வள்ளியூரில் பெண்கள் வண்டிகளோடு காத்திருந்தார்கள். அவர்களில் மூத்தவள் மெஹருன்னிசா, மதுரைக்காரி. அவள் கனியின் வண்டியைச் சுற்றி வந்தாள்.

"கீழ விழுந்து எந்திரிச்சு வந்திருக்கீங்க. பெருசா ஒண்ணு மாட்டியிருக்கலாம்லக்கா?"

"பெருசாத்தான் மாட்டினேன். ரோட்டக் காணோம். அதான் வெட்டிட்டேன்."

மெஹருன்னிசா கனியின் பின்னால் தன் வண்டியை நிறுத்தினாள். மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் வரிசை கட்டினார்கள்.

காற்றாலைகள் கண்ணில் பட்டதுமே காற்றின் இரைச்சல் கேட்டது. கண்ணாடி நடுங்கியது. வெட்டுப்பட்ட பிறகு அது சந்திக்கும் முதல் எதிர்க்காற்று.

"எனக்கு இப்போது எதுவும் நிச்சயமில்லை" என்றது. "நீ என்ன பார்க்கிறாய் என்றுகூட எனக்குத் தெரியவில்லை."

"நீ காத்தப் பாரு" என்றாள் கனி. "ரோட்ட நான் பாக்கேன்."

காற்று மலையிடுக்கிலிருந்து பாய்ந்து வந்து முகப்பில் மோதியது. கண்ணாடி பல்லைக் கடித்து நின்றது. அதன் மேல் ஏறிய காற்று விளிம்புக்கு வந்தது. அங்கே நிற்காமல், வந்த வேகத்தில் இன்னும் மேலே எழும்பி, கனியின் ஹெல்மெட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் வளைந்து பின்னால் போயிற்று.

கண்ணாடிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "நானா செய்தேன் இதை?"

"நீதான்."

வளைவில் திரும்பியதும், புளியங்கிளை ஒன்று முறிந்து பாதி ரோட்டை அடைத்துக் கிடப்பதைக் கனி தூரத்திலேயே பார்த்தாள். அதற்கு அந்தப் பக்கம் எதிரே ஒரு பஸ் வருவதையும் பார்த்தாள். இடது கையை உயர்த்தினாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு கையாக உயர்ந்தது. வண்டிகள் எல்லாம் நிதானத்துக்கு வந்தன. பஸ் போகட்டும் என்று நின்று, பிறகு ஒற்றை வரிசையாய்க் கிளையைச் சுற்றிக் கடந்தார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

கணவாயின் மிகக் குறுகலான இடத்தில் காற்று மறுபடியும் வந்தது. இந்த முறை மோதவில்லை, பக்கவாட்டில் கூடவே ஓடி வந்தது.

"ஏ கனி, ஒரு சந்தேகம். தலைக்கு மேல வரைக்கும் மறைச்சிக்கிட்டு வந்திருக்கலாம். மூக்கோட நிறுத்திட்ட. அதுக்கு மேல உள்ள எடத்த எனக்கா விட்டுவச்சிருக்க?"

கனி வேகத்தைக் கூட்டினாள்.

"ஒனக்கு இல்ல. எனக்கு."